ஒப்பந்தத்தில் விட்டுப்போன அரை வரி
பெல்ஃபாஸ்ட் வாய்மொழி வரலாற்றுத் திட்டம்: ஒரு நிகழ்வு ஆய்வு

2014-இல் வட அயர்லாந்தில், மேற்கு பெல்ஃபாஸ்டின் ஃபால்ஸ் சாலைச் சுவரில் யாரோ பெயிண்டால் பெரிதாக எழுதிவைத்தார்கள். 'பாஸ்டன் கல்லூரியின் காட்டிக்கொடுப்பவர்கள்' என்று அதற்குப் பொருள். அந்தப் பகுதியில் காட்டிக்கொடுத்தவன் என்று பெயர் வாங்கியவனின் கதை எப்படி முடியும் என்பதை எல்லோரும் முப்பது வருடம் பார்த்திருக்கிறார்கள். தலையில் குண்டு, எல்லையோரச் சாலையில் உடல். ஈழத்தில் 'தலையாட்டி' (முகத்தை மறைத்துக்கொண்டு, தலையசைத்து ஆளைக் காட்டிக்கொடுப்பவர்) என்ற சொல்லுக்கு உள்ள எடையை அறிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

அந்தச் சுவர் குறிவைத்தவர்கள் யாரும் போலீசிடம் போய்த் தகவல் சொன்னவர்கள் கிடையாது. பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன், வரலாற்றுக்காகத்தான் என்று நம்பி, அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகம் ஒன்றுக்குத் தங்கள் கதையைச் சொன்னவர்கள். நூலகத்துக்குச் சொன்ன கதை போலீஸ் கோப்பில் எப்படிப் போய்ச் சேர்ந்தது? போர் முடிந்த நாட்டில் சாட்சியம் சேகரிக்கப் புறப்படும் யாரும் இந்த ஒரு சம்பவத்தை முழுதாகத் தெரிந்துகொள்ளாமல் ரெக்கார்டரை ஆன் செய்யக் கூடாது என்பது என் எண்ணம். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1960-களின் கடைசியில் தொடங்கி, 1998 ஏப்ரல் 10 அன்று கையெழுத்தான புனித வெள்ளி உடன்பாடு வரை வட அயர்லாந்தில் சுமார் 3,500 பேர் கொல்லப்பட்டார்கள். அயர்லாந்தோடு சேர வேண்டும் என்ற குடியரசுவாதிகள் ஒரு பக்கம், பிரிட்டனோடேயே இருப்போம் என்ற விசுவாசிகள் மறுபக்கம், நடுவில் பிரிட்டிஷ் ராணுவமும் போலீசும். உடன்பாட்டின்படி ஆயுதக் குழுக்களைச் சேர்ந்த கைதிகள் இரண்டே ஆண்டில் வெளியே வந்தார்கள். ஆனால் தென்னாப்பிரிக்காவில் அமைந்ததுபோல ஓர் உண்மை ஆணையம் இங்கே அமையவில்லை. பொதுமன்னிப்பும் இல்லை. 1998-க்கு முந்தைய குற்றத்துக்கு இப்போது தண்டனை கிடைத்தாலும் உள்ளே இருப்பது அதிகபட்சம் இரண்டு ஆண்டுதான்; ஆனால் வழக்குப் போடுவதற்குத் தடை கிடையாது. 'நான்தான் செய்தேன்' என்று ஒருவர் வாய் திறந்தால், முப்பது வருடம் கழித்தும் கதவைத் தட்டப் போலீஸ் வரலாம். அந்த ஊரில் ஒரு வழக்குமொழியே உண்டு: என்ன பேசினாலும் பேசு, எதையும் சொல்லிவிடாதே.

அப்படிப்பட்ட ஊரில்தான் சிலர் போய், 'எல்லாவற்றையும் சொல்லுங்கள்' என்று கேட்டார்கள்.

புதையல் அறை

யோசனை 2000 வாக்கில் பிறந்தது. பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் அயர்லாந்து அரசியல் பேராசிரியர் பால் ப்யூ அப்போது பாஸ்டன் கல்லூரியில் வருகைதரு அறிஞர். போராளிகள் வயதாகிச் செத்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்களோடு வரலாறும் போய்விடும், இப்போதே பதிவு செய்தால் என்ன என்ற பேச்சு எழுந்தது. கல்லூரிக்கு இது பொருத்தமாகவும் இருந்தது. பெயரில்தான் கல்லூரி, உண்மையில் அது அயர்லாந்துக் குடியேறிகளுக்காக இயேசு சபையினர் தொடங்கி வளர்ந்த பெரிய பல்கலைக்கழகம். அதன் பர்ன்ஸ் நூலகத்தில் அயர்லாந்து தொடர்பான சேகரிப்பு புகழ்பெற்றது. நூலகர் ராபர்ட் ஓ'நீல், அயர்லாந்துத் திட்டங்களின் பொறுப்பாளர் தாமஸ் ஹேச்சி இருவரும் சம்மதித்தார்கள். திட்டத்தை நடத்தப் பத்திரிகையாளர் எட் மொலோனி வந்தார்.

பேட்டி எடுக்க யாரை அனுப்புவது? வெளியாள் போனால் ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். எனவே குடியரசுவாதிகளிடம் பேச ஆண்டனி மெக்கின்டயர் தேர்வானார். ஐ.ஆர்.ஏ. என்ற குடியரசுவாத ஆயுதக் குழுவின் உறுப்பினராக இருந்து கொலை வழக்கில் 18 வருடம் சிறையில் இருந்தவர். பிறகு முனைவர் பட்டமும் வாங்கியவர். விசுவாசிகள் பக்கம் வில்சன் மெக்கார்தர். 2001-இலிருந்து 2006 வரை பேட்டிகள் நடந்தன. குடியரசுவாதிகள் 26 பேர், யு.வி.எஃப். என்ற விசுவாசக் குழுவோடு தொடர்புடையவர்கள் 20 பேர், மொத்தம் 46 பேர். ஒவ்வொருவரோடும் பல அமர்வுகள். பதிவும் எழுத்துப்படியும் அட்லாண்டிக்கைத் தாண்டி பர்ன்ஸ் நூலகத்துக்குப் போய், 'புதையல் அறை' என்ற பாதுகாப்பான அறையில் வைக்கப்பட்டன. பேசியவருக்குப் பெயர் கிடையாது. ஆங்கில எழுத்து ஒன்றுதான் அடையாளம். பெயரையும் எழுத்தையும் இணைக்கும் தாள் தனியே இருந்தது. திட்டமே ரகசியம். எவ்வளவு ரகசியம் என்றால், அதே கல்லூரியின் வரலாற்றுத் துறை பின்னாளில், 'இது எங்கள் திட்டம் இல்லை, ஒருபோதும் எங்கள் திட்டமாக இருந்ததில்லை' என்று பகிரங்க அறிக்கையே விட்டது.

இங்கே ஒரு குறையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கடைசியில் அதுதான் திரும்பி வருகிறது. மெக்கின்டயர், ஐ.ஆர்.ஏ.வின் அரசியல் முகமான ஷின் ஃபெய்ன் கட்சியின் சமாதானப் பாதையையும் அதன் அப்போதைய தலைவர் ஜெரி ஆடம்ஸையும் வெளிப்படையாக விமர்சித்து வந்தவர். அவரிடம் பேச முன்வந்தவர்களில் பலர் அதே மனநிலைக்காரர்கள்: 'இதற்காகவா இத்தனை பேரைக் கொன்றோம், இத்தனை வருடம் உள்ளே கிடந்தோம்?' என்று கசந்துபோனவர்கள். கட்சியோடு நின்றவர்களின் குரல் அந்த அறைக்கு வரவேயில்லை. கசப்பும் வரலாற்றில் சேர்த்திதான், அது பதிவாக வேண்டியதுதான். ஆனால் ஒரு பக்கக் கசப்பை மட்டும் சேமித்துவைத்தால் அதற்கு ஆவணக் காப்பகம் என்ற பெயர் கொஞ்சம் பெரிது.

கசப்பு எப்படிப்பட்டது என்பதற்கு ஓர் ஆள் போதும். பிரெண்டன் ஹியூஸ் 1970-களில் பெல்ஃபாஸ்ட் ஐ.ஆர்.ஏ.வின் முக்கியத் தளபதி, 1980 சிறை உண்ணாவிரதத்துக்குத் தலைமை தாங்கியவர், ஒரு காலத்தில் ஆடம்ஸின் நெருங்கிய தோழர். கடைசிக் காலத்தில் டிவிஸ் டவர் என்ற இருபது மாடிக் கட்டடத்தில் ஒரு சின்ன ஃபிளாட்டில் தனியாக இருந்தார். அவர் பேட்டி கொடுத்த நாட்களில் அந்தக் கட்டடத்தின் உச்சி மாடிகளில் பிரிட்டிஷ் ராணுவத்தின் கண்காணிப்பு நிலையம் இருந்தது. 2005-இல்தான் காலி செய்தார்கள். போர் முடிந்துவிட்டது என்று சொன்ன ஊரில், தோற்றுப்போனதாக உணர்ந்த ஒரு கெரில்லாத் தளபதியின் தலைக்கு மேலேயே எதிரியின் முகாம். அவர் மெக்கின்டயரிடம் எதையும் மறைக்காமல் பேசினார்.

அந்த டிவிஸ் குடியிருப்பிலிருந்துதான் 1972 டிசம்பரில் ஜீன் மெக்கான்வில் என்ற பெண் ஐ.ஆர்.ஏ.வால் இழுத்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டார்.

கையெழுத்துப் போட்ட தாள்

இப்போது ஒப்பந்தத்துக்கு வருவோம். இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று, 2001 தொடக்கத்தில் கல்லூரிக்கும் மொலோனிக்கும் இடையே கையெழுத்தானது. பேட்டி தருபவர் ஒவ்வொருவருக்கும் ரகசியம் காக்கப்படும் என்ற உத்தரவாதம் தர வேண்டும், 'அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு' என்கிறது அது. மற்றொன்று பேட்டி தருபவர் கையெழுத்திடும் தாள். அவர் எழுத்துமூலம் சம்மதம் தந்தாலொழிய, அவர் சாகும்வரை யாருக்கும் பதிவு காட்டப்படாது, வெளியிடும் இறுதி அதிகாரம் அவருடையதே என்று அதில் இருந்தது. 'அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு' என்ற அரை வரி அதில் இல்லை.

நம் ஊரில் நிலப் பத்திரத்தில் ஒரு சொல் விட்டுப்போனால் மூன்று தலைமுறை கோர்ட்டுக்கு அலையும் என்பார்கள். இங்கே விட்டுப்போனது நான்கு சொற்கள். அதை ஏன் யாரும் கவனிக்கவில்லை என்று கேட்டால் இரு தரப்பும் ஒன்றையொன்று கைகாட்டுகின்றன. சட்ட வரம்பு உண்டு என்பது மொலோனிக்குத் தெரியும், அவர் கையெழுத்திட்ட தாளிலேயே இருக்கிறது என்றது கல்லூரி. முழுப் பாதுகாப்பு என்று கல்லூரிதான் உறுதி சொன்னது, பேட்டித் தாளும் கல்லூரியிலிருந்து வந்ததுதான், ஆபத்து இருக்கிறது என்று தெரிந்திருந்தால் ஒரு பேட்டிகூட எடுத்திருக்க மாட்டோம் என்றார்கள் ஆய்வாளர்கள். என் கணக்கில் பெரும் பொறுப்பு நிறுவனத்தின் மேல்தான். வழக்கறிஞர்களை வைத்துக்கொள்ள வசதி உள்ள இடம் அது. பெல்ஃபாஸ்டில் ஒரு சமையலறை மேசைமேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டவருக்கு, பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே குற்ற விசாரணையில் உதவிக்கொள்ளும் உடன்படிக்கை இருப்பது எப்படித் தெரியும்?

சரி, எப்படி வெடித்தது? சாகும்வரை ரகசியம் என்பதுதானே வாக்கு. விசுவாசக் குழுவிலிருந்து அரசியலுக்கு வந்த டேவிட் எர்வின் 2007 ஜனவரியிலும், ஹியூஸ் 2008 பிப்ரவரியிலும் இறந்தார்கள். இருவரின் பேட்டிகளையும் வைத்து மொலோனி 2010-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். தொலைக்காட்சி ஆவணப்படமும் வந்தது. மெக்கான்விலைக் கொல்ல உத்தரவிட்டது ஆடம்ஸ்தான் என்று ஹியூஸின் குரல் சொன்னது. ஆடம்ஸ் அதை முற்றிலும் மறுத்தார். தான் ஐ.ஆர்.ஏ.வில் இருந்ததே இல்லை என்பதுதான் எப்போதும் அவர் சொல்வது. ஒப்பந்தப்படி பார்த்தால் புத்தகத்தில் தவறு இல்லை. ஆனால் அப்படி ஒரு பெட்டகம் இருக்கிறது, அதற்குள் என்ன இருக்கிறது என்பதை அது உலகத்துக்கே அறிவித்துவிட்டது. பேட்டி கொடுத்த மற்றவர்களில் பலர் இன்னும் உயிரோடு இருக்கும்போது! இவ்வளவு அவசரம் எதற்கு என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அதே வருடம், 1973 லண்டன் குண்டுவெடிப்பில் தண்டனை பெற்ற டோலர்ஸ் பிரைஸ் பத்திரிகைகளிடம் மெக்கான்வில் விவகாரம் பற்றிப் பேசினார். பாஸ்டன் திட்டத்துக்கும் பேட்டி கொடுத்திருப்பது வெளியானது. பாஸ்டன் டேப்பில் பிரைஸ் மெக்கான்விலின் பெயரையே எடுக்கவில்லை என்று பேட்டி எடுத்த தரப்பு பிறகு சொன்னது. அதற்குள் காரியம் கைமீறிவிட்டது. 2011 மே மாதம், வட அயர்லாந்துக் காவல்துறையின் கோரிக்கைப்படி, அமெரிக்க அரசு கல்லூரிக்குச் சம்மன் அனுப்பியது. முதலில் கேட்டது ஹியூஸ், பிரைஸ் இருவரின் பதிவுகளை. ஹியூஸ் இறந்துவிட்டதால் அவருடையது உடனே போனது. ஆகஸ்டில் இரண்டாவது சம்மன்: மெக்கான்வில் கடத்தலைப் பற்றி யார் பேசியிருந்தாலும் எல்லாம் வேண்டும்.

நீதிபதி படித்த பேட்டிகள்

பாஸ்டனில் வழக்கை விசாரித்தவர் கூட்டாட்சி நீதிபதி வில்லியம் யங். எந்தெந்தப் பேட்டியில் மெக்கான்வில் பற்றிய பேச்சு இருக்கிறது என்று கல்லூரியைக் கேட்டார். நூலகர் தந்த பதில்தான் இந்தச் சம்பவத்திலேயே என்னை அதிகம் யோசிக்க வைத்தது: தான் அந்த எழுத்துப்படிகளைப் படித்ததில்லை, எனவே தன்னால் சொல்ல முடியாது என்றார் அவர். பத்து வருடமாகப் பூட்டிக் காத்த பொருளுக்குள் என்ன இருக்கிறது என்பது காப்பவருக்கே தெரியவில்லை. ரகசியத்தை மதித்தார் என்று இதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் உள்ளே இருப்பது தெரியாமல் அதன் ஆபத்தை எப்படி அளப்பது? அடுத்தவரைக் கொலைகாரர் என்று ஒருவர் பெயர் சொல்லிக் குற்றம்சாட்டும் டேப்புக்கும் சிறைச் சாப்பாட்டைப் பற்றிப் பேசும் டேப்புக்கும் ஒரே பூட்டு, ஒரே தாள்.

வேறு வழியின்றி 2011 கிறிஸ்துமஸை ஒட்டிய நாட்களில் நீதிபதியே உட்கார்ந்து அத்தனையையும் படித்தார். தன் வாழ்நாளுக்குப் பிறகு ஏதோ ஒரு மாணவர் படிப்பார் என்று நினைத்து அவர்கள் சொன்னதை முதலில் முழுக்கப் படித்த வெளியாள் ஒரு நீதிபதி. 85 பேட்டிகளை ஒப்படைக்க உத்தரவு போட்டார். மேல்முறையீட்டில், 2013 மே மாதம், அது 11 ஆகக் குறைந்தது. மற்றவை விஷயத்துக்குச் சம்பந்தமில்லாதவை என்று மேல்நீதிமன்றம் சொன்னது. ஆனால் அதற்கு முன்பே, 2012 ஜூலையில், அடிப்படைக் கேள்விக்குத் தீர்ப்பு வந்துவிட்டிருந்தது: குற்ற விசாரணை என்று வந்தால், ஆய்வாளர் கொடுத்த ரகசிய வாக்கு நீதிமன்றத்தைத் தடுக்காது. பத்திரிகையாளர்களுக்கு அப்படித் தனிச் சலுகை இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1972-இல் தந்த தீர்ப்புதான் இதற்கு அடிப்படை. மெக்கான்வில் கடத்தப்பட்ட அதே வருடம்! அதாவது, 2001-இல் திட்டம் தொடங்கும்போதே அந்தத் தீர்ப்புக்கு 29 வயது. எந்தச் சட்டக்கல்லூரி மாணவரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்.

சமாதானத்துக்கே ஆபத்து என்று செனட்டர் ஜான் கெர்ரி, வெளியுறவுச் செயலர் ஹிலாரி கிளின்டனுக்குக் கடிதம் எழுதிப் பார்த்தார். பலிக்கவில்லை. 2013 ஜனவரியில் பிரைஸ் இறந்தார். அவருடைய டேப்பும் போலீசிடம் போனது.

2014 ஏப்ரல் 30 அன்று ஆடம்ஸ் கைதானார். நான்கு நாள் விசாரித்து விட்டுவிட்டார்கள். அடுத்த வருடம் செப்டம்பரில், வழக்குத் தொடரப் போவதில்லை என்று அரசு வழக்குத்துறை அறிவித்தது. சுவரெழுத்து வந்தது அந்த நாட்களில்தான். பேட்டி கொடுத்தவர்களின் பெயர்கள் தெருவில் அடிபட்டன. பேட்டி எடுத்த மெக்கின்டயரும் தன் பங்குக்குத் திட்டத்துக்குப் பேட்டி கொடுத்திருந்தார். போலீஸ் அதையும் கேட்க, அவரும் நீதிமன்றம் ஏறி இறங்க வேண்டியதாயிற்று.

டேப்பில் 'இசட்' என்ற எழுத்துக்குப் பின்னால் இருப்பவர் என்று குற்றம்சாட்டப்பட்ட ஐவர் பெல் என்ற முதியவர் மேல் 2014-இல் வழக்குப் பதிவானது. மறதி நோயால் அவர் விசாரணைக்கு நிற்கும் நிலையில் இல்லை. அதனால் 2019-இல் 'உண்மைகளின் விசாரணை' என்ற வேறு நடைமுறை நடந்தது. அங்கே டேப் முதன்முறையாகச் சாட்சியமாக நிறுத்தப்பட்டது. நின்ற வேகத்தில் விழுந்தும் விட்டது. அதை நம்ப முடியாது, ஏற்கவும் முடியாது என்று ஒதுக்கிய நீதிபதி, பெல்லைக் குற்றமற்றவர் என்று அறிவிக்கும்படி ஜூரிக்குச் சொன்னார். அவர் கூறிய காரணங்களில் இரண்டு முக்கியம். பேட்டி எடுத்தவருக்கு ஆடம்ஸ் மேல் பகை இருந்தது, கேள்விகள் அதற்கேற்ப வளைந்தன. அடுத்தது, 'நீ சாகும்வரை இது வெளிவராது' என்ற உறுதி ஒருவரை உண்மை பேசவும் விடுவிக்கும். பொய் சொல்லவும், மிகைப்படுத்தவும், அடுத்தவர் தலையில் பழியைப் போடவும் அதே அளவுக்கு விடுவிக்கும்.

இந்த இரண்டாவது காரணத்தை வாய்மொழி வரலாற்றுக்காரர்கள் ஏற்கத் தயங்குவார்கள், நானும் தயங்கினேன். ரகசியம் இருந்தால்தான் உண்மை வரும் என்பது எங்கள் தொழில் நம்பிக்கை. ஆனால் ரெக்கார்டரை அணைத்தபின் தேநீர் குடித்துக்கொண்டே ஒருவர் சொல்லும் கதை, ஓடிக்கொண்டிருந்தபோது சொன்ன கதையிலிருந்து எப்படி மாறுகிறது என்பதைப் பேட்டி எடுத்த எல்லோரும் பார்த்திருப்போம். அந்த மாற்றத்தில்தான் வரலாறு இருக்கிறது. அதைக் குற்றப்பத்திரிகையாக வாசித்தால் வெறும் முரண்பாடு.

யாரும் கேட்காத பத்துப் பேர்

இதுவரை சொன்னதைப் படித்தால், போலீஸ் வில்லன், பேட்டி கொடுத்தவர்கள் பலியாடுகள் என்று தோன்றும். அது பாதிக் கதை. ஜீன் மெக்கான்வில் கணவனை இழந்தவர், பத்துப் பிள்ளைகளின் தாய். பிள்ளைகள் கண்ணெதிரே இழுத்துப் போனார்கள். அம்மா வருவாள் என்று வீட்டில் காத்திருந்த பிள்ளைகளைக் கடைசியில் பிரித்துக் காப்பகங்களில் விட்டார்கள். கொன்றது தாங்கள்தான் என்று ஐ.ஆர்.ஏ. ஒப்புக்கொள்ளவே 1999 ஆயிற்று. உடல் 2003 ஆகஸ்டில், லௌத் கவுண்டியின் ஷெல்லிங் ஹில் கடற்கரையில் நடக்கப் போனவர்கள் கண்ணில் தற்செயலாகப் பட்டது. ஒற்றர் என்று சொல்லித்தான் கொன்றார்கள்; 2006-இல் காவல்துறைக் குறைதீர்ப்பாளர் விசாரித்து, அதற்கு ஆதாரமே இல்லை என்றார்.

பாஸ்டன் ஒப்பந்தம் பேசியவருக்கு வாக்குக் கொடுத்தது. பேசப்பட்டவளின் பிள்ளைகளுக்கு அதில் இடம் இல்லை. 'உங்கள் அம்மாவைப் பற்றி எங்கள் பெட்டியில் இருக்கிறது, சம்பந்தப்பட்டவர் செத்தபிறகு சொல்கிறோம்' என்றால் எந்தப் பிள்ளை ஒப்புக்கொள்ளும்? சம்மனை அவர்கள் வரவேற்றதில் எனக்கு எந்த ஆச்சரியமும் இல்லை. அதே நேரம், 2014-இல் மகன்களில் ஒருவர் பி.பி.சி.யிடம் சொன்னதையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும்: இழுத்துப் போனவர்களில் சிலர் யாரென்று தனக்குத் தெரியும், ஆனால் போலீசிடம் சொல்ல மாட்டேன், சொன்னால் தனக்கோ குடும்பத்துக்கோ ஆபத்து என்றார். நாற்பத்தொரு வருடம் கழித்தும் வாயை மூடவைத்த அதே பயம்தான் பேட்டி கொடுத்தவர்களையும் ரகசியம் கேட்க வைத்தது.

இந்த முடிச்சை அவிழ்க்க வழியே இல்லையா? அதே நாட்டில், அதே காலத்தில், ஒரு வழி இருக்கத்தான் செய்தது. ஐ.ஆர்.ஏ. போன்ற குழுக்கள் கொன்று மறைத்த உடல்களைத் தேட 1999-இல் பிரிட்டனும் அயர்லாந்தும் சேர்ந்து ஓர் ஆணையம் அமைத்தன. அதற்குத் தரும் தகவலை எந்தக் குற்ற வழக்கிலும் சாட்சியமாக வைக்க முடியாது என்று இரு நாடாளுமன்றங்களும் தனிச் சட்டமே இயற்றின. வாக்குக் கொடுப்பதென்றால் இப்படி. அதை நம்பி வந்த தகவல்களைக் கொண்டு தேடப்பட்டவர்களில் பெரும்பாலோரின் உடல்கள் கிடைத்துக் குடும்பங்கள் அடக்கம் செய்தன. யாரும் சிறைக்குப் போகவில்லை, அது உண்மை. எது வேண்டும் என்று குடும்பங்களைக் கேட்டால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பதில் சொல்லும். ஆனால் எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்பது சட்டப் புத்தகத்தில் எழுதியிருந்தது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

அதே ஊரில் வேறு இரண்டு வழிகள்

பாஸ்டன் திட்டத்தை வைத்து வாய்மொழி வரலாறே ஆபத்து என்று முடிவுகட்டுவது சோம்பேறித்தனம். வடக்கு பெல்ஃபாஸ்டின் ஆர்டோய்ன் என்ற சின்னக் கத்தோலிக்கப் பகுதியில் 1969-க்கும் 1998-க்கும் இடையே 99 பேர் கொல்லப்பட்டார்கள். அந்த ஊர்க்காரர்களே குழு அமைத்து, 99 பேரைப் பற்றியும் உறவினர்களிடமும் கண்ணால் பார்த்தவர்களிடமும் கேட்டுப் பதிவு செய்து, 2002-இல் புத்தகமாகப் போட்டார்கள். ராணுவம் கொன்றவர்களோடு, ஐ.ஆர்.ஏ. தன் சொந்த ஆட்களை ஒற்றர் என்று சொல்லிக் கொன்றதும் பட்டியலில் உண்டு. அவர்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்று அந்தச் சின்ன ஊருக்குள் எத்தனை வீட்டு வாசலில் பேச வேண்டியிருந்திருக்கும்!

அந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்தது, தாளைத் திருப்பிக் கொடுத்த கட்டம். எழுத்துப்படியைப் பேசியவரிடமே கொண்டுபோய், 'படித்துப் பாருங்கள், மாற்ற வேண்டியதை மாற்றுங்கள்' என்றார்கள். அப்புறம், அதே மரணத்தைப் பற்றி மற்றவர்கள் சொன்னதையும் சேர்த்த வரைவைக் குடும்பத்திடம் காட்டினார்கள். பத்தாண்டுகளாக ஒரே தெருவில் இருந்தும் பேசிக்கொள்ளாத சொந்தக்காரர்கள், மற்றவர் சொன்னதை அந்தத் தாளில்தான் முதலில் படித்தார்கள். வேலை இழுத்தது, சண்டைகள் வந்தன. அந்த இழுபறி இல்லாமல் அந்தப் பக்கங்கள் அச்சேறவில்லை. நல்லிணக்கம் என்ற பெரிய சொல்லுக்கு நான் நேரில் காட்டக்கூடிய உதாரணம் இதுதான்.

இன்னொன்று சிறை நினைவுக் காப்பகம். திரைப்பட ஆய்வாளர் கஹல் மெக்லாக்லின் முன்னின்று நடத்தியது. மூடிக்கிடந்த ஆர்மா பெண்கள் சிறையிலும் மேஸ் சிறையிலும் 2006, 2007-இல் கேமராவோடு போனார்கள். கைதிகள், காவலர்கள், உள்ளே பாடம் நடத்திய ஆசிரியர்கள், மனு போட்டுப் பார்க்க வந்த உறவினர்கள் எல்லோரும் வந்தார்கள். உட்காரவைத்துக் கேள்வி கேட்கவில்லை. காலியான கட்டடத்தில் நடக்கவிட்டார்கள். பழைய அறைக்குள் நுழைந்ததும் உடம்பே பேச ஆரம்பித்தது: இங்கேதான் படுக்கை, இந்த ஜன்னல் வழியாகத்தான் கூப்பிடுவோம். பதிவு கூட்டு உடைமை. பேசியவருக்கு வேண்டாம் என்று தோன்றினால் விலக்கிக்கொள்ளலாம். யார் யாரைக் கொன்றார் என்பதை அவர்கள் கேட்கவில்லை. அதனால் போலீசுக்கு அங்கே பெரிதாக வேலை இல்லை. கேட்காமல் விட்டது குறை என்பவர்கள் உண்டு. தாங்க முடியாத வாக்கைக் கொடுக்காமல் விட்டது நேர்மை என்று நான் சொல்வேன். இப்போது அந்தப் பதிவுகள் பெல்ஃபாஸ்டில் வட அயர்லாந்துப் பொது ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

அரசுகளும் சும்மா இல்லை. 2014 டிசம்பரின் ஸ்டோர்மான்ட் ஹவுஸ் உடன்பாட்டில் வாய்மொழி வரலாற்றுக் காப்பகம் ஒன்றுக்கு இடம் ஒதுக்கினார்கள். ஆடம்ஸ் கைதாகி ஒரு வருடம்கூட முழுதாக ஆகாத நேரம் அது. நம்பிப் பேச யார் வருவார்கள் என்று அப்போதே கேட்டார்கள். 2023-இல் பிரிட்டன் கொண்டுவந்த சட்டத்திலும் வாய்மொழிப் பதிவுக்குப் பிரிவு உண்டு. ஆனால் அதே சட்டம் குற்றவாளிகளுக்கு நிபந்தனையோடு விலக்கு தந்ததால், பாதிக்கப்பட்ட குடும்பங்களும் வட அயர்லாந்தின் முக்கியக் கட்சிகள் எல்லாமும் எதிர்த்தன. விலக்குப் பிரிவை 2024 பிப்ரவரியில் பெல்ஃபாஸ்ட் நீதிமன்றம் ஏற்க மறுத்தது.

பாஸ்டன் கல்லூரி என்ன செய்தது? ஆடம்ஸ் கைதுக்குப் பிறகு, 2014 மே மாதத்தில், பேட்டி கொடுத்தவர்கள் கேட்டால் பதிவுகளைத் திருப்பித் தந்துவிடுகிறோம் என்று அறிவித்தது. வருங்கால மாணவர்களுக்கு என்று ஐந்து வருடம் பாடுபட்டுச் சேர்த்தது தபாலில் வீடு திரும்பத் தொடங்கியது. வாங்கிக்கொண்டவர்களில் ஒருவர் ரிச்சர்ட் ஓ'ராவ். 1981-இல் பாபி சாண்ட்ஸ் உள்ளிட்ட பத்துப் பேர் உண்ணாவிரதமிருந்து இறந்தபோது சிறைக்குள் கைதிகளின் செய்தித்தொடர்பாளராக இருந்தவர். அவர் தன் பதிவுகளைக் கணப்பு நெருப்பில் போட்டு எரித்துவிட்டார்.